குடமும் கடையாணியும்

மாணவர்களே, பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுவடை முடிந்து கோதுமை விதைப்பதற்குள் உழவர்க்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ மூன்று வாரமே ஆகும். அறுவடை இயந்திரம் சென்ற வயலில் நெல்லின் அடித்தாள் அப்படியே நிற்கும். அதற்குத் தீ வைப்பதால் எழும் புகையை வட இந்தியாவில் வாழும் நீங்கள் ஐப்பசி மாதத்தில் கண்டிருப்பீர்கள். தீயிடாமல் தாளை வெட்டி மண்ணிலேயே பரப்ப உதவும் கருவிகளுள் ஒன்று, டிராக்டரின் பின்னால் பூட்டப்படும் சுழல்வெட்டி. உழவர்கள் இதனை ஸ்லாஷர் என்பர். 2018ஆம் ஆண்டு ஒன்றிய அரசு தொடங்கிய பயிர்க்கழிவு மேலாண்மைத் திட்டத்தில், மானியம் பெறும் கருவிகளின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது.

இக்கருவியின் அமைப்பு எளிது. டிராக்டரின் பின்புறமுள்ள சுழல்தண்டு நிமிடத்திற்கு 540 முறை சுழலும். அச்சுழற்சியைப் பல்சக்கரப் பெட்டி ஒன்று வாங்கி, வேகத்தைக் கூட்டி, கீழ்நோக்கி நிற்கும் அச்சுக்குத் தரும். அச்சின் அடிமுனையில் ஒரு கனத்த இரும்புத் துண்டு பொருந்தியிருக்கும். அதன் இரு பக்கங்களிலும் வெட்டுக்கத்திகள் தொங்கும். அந்த நடுத்துண்டைப் பட்டறைகளில் 'ஹப்' என்கின்றனர். மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் வந்து சேரும் நடுப்பகுதியைத் தமிழர் 'குடம்' என்றனர். சிறுபாணாற்றுப்படை அதனைக் 'குறடு' என்று குறிப்பிடும். (இன்று குறடு என்றால் ஆணி பிடுங்கும் கருவியே நம் நினைவுக்கு வருகிறது.) ஆகவே ஹப்பைக் குடம் என்றே இப்பாடத்தில் வழங்குவோம்.

குடத்தின் உட்புறத்திலும் அச்சின் வெளிப்புறத்திலும் நீளவாக்கில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். இவை ஒன்றனுள் ஒன்று கவ்விக்கொள்வதால்தான் அச்சு சுழலும்போது குடமும் சுழல்கிறது. குடம் கீழே நழுவாதபடி ஒரு பெரிய நட்டு தாங்கும். அந்த நட்டு கழலாதபடி, அச்சின் துளைவழியே ஒரு பிளவுக்கம்பி நுழைக்கப்பட்டு முனை மடக்கப்படும். பட்டறையில் அதற்குக் காட்டர் பின் என்று பெயர். சக்கரம் கழன்றோடாதபடி வண்டி அச்சின் முனையில் செருகப்படும் கடையாணிக்கு இது தம்பிமுறை எனலாம்.

குடம் தளர்ந்தால் என்ன நேரும்? கணக்கிட்டுப் பார்ப்போம். கத்திமுனை 1.5 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில், நிமிடத்திற்கு 800 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு அது கடக்கும் தூரம் 4.71 மீட்டர். ஒரு நொடிக்கு ஏறக்குறைய 63 மீட்டர். அதாவது மணிக்கு 225 கிலோமீட்டருக்கும் மேல்! இவ்வேகத்தில் கழலும் இரும்பு வரப்பில் நிற்பவரை விலகிக்கொள்ள விடாது.

தளர்ச்சியைக் கண்டறியும் முறையில் நுட்பம் உண்டு. முதலில் டிராக்டரை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். இணைப்புத் தண்டைக் கழற்ற வேண்டும். தூக்கிய கருவியின் அடியில் உறுதியான மரக்கட்டைகளை வைக்க வேண்டும். டிராக்டரின் தூக்குக் கைகளை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும். பிறகு குடத்தைப் பிடித்து அசைத்துப் பார்க்கலாம். அச்சு அசையாமல் குடம் மட்டும் மேலும் கீழும் அசைந்தால் குறை நட்டிலோ பற்களிலோ உள்ளது. அச்சும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால் பெட்டியினுள் இருக்கும் பேரிங் தேய்ந்துள்ளது. கத்திகள் தம் ஆணியில் தாராளமாக ஆடுவதைக் கண்டு அஞ்ச வேண்டா. கல்லில் மோதினால் பின்வாங்கிக்கொள்ளவே அவை அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளன. நட்டைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால், இரும்போடு இரும்பு நெடுநாள் உரசியிருக்கிறது என்று பொருள்.

இந்நிலையில் பலரும் செய்வது நட்டை இறுக்கிவிட்டு வயலுக்குத் திரும்புவதே. விதைப்புக் காலம் நெருக்குவதால் அவர்களைக் குறை கூறுவதும் கடினம். ஆனால் பற்கள் தேய்ந்திருந்தால் இறுக்கிய நட்டு சில நாள்களில் மீண்டும் தளரும். எனவே குடத்தைக் கழற்றியே பார்க்க வேண்டும். துருப்பிடித்த குடத்தைச் சம்மட்டியால் அடித்து இறக்குவது தவறு. அந்த அடி பேரிங்கையும் அச்சின் மரையையும் கெடுக்கும். துரு நீக்கும் எண்ணெய் இட்டுப் பொறுத்திருந்து, இழுப்பான் கொண்டு கழற்றுவதே முறை. கம்பித் தூரிகையால் துடைத்தபின் பற்கள் தட்டையான முகத்தோடு இருந்தால் நன்று. அவை கூராக மெலிந்திருந்தால் உறுப்பை மாற்ற வேண்டும். தேய்ந்த அச்சில் புதிய குடத்தை ஏற்றினால் அதுவும் விரைவில் தேயும்.

மீண்டும் பூட்டும்போது, நட்டின் பிளவும் அச்சின் துளையும் நேர்படவில்லை எனில் நட்டைச் சற்று முன்னோக்கி இறுக்கியே நேர்படுத்த வேண்டும். பின்னோக்கித் தளர்த்துதல் கூடாது. காட்டர் பின் புதியதாகவே இருக்க வேண்டும். சில மணிநேரம் ஓட்டியபின் நட்டை மறுபடி சோதித்தல் நலம். ஒரு கத்தி மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுவர். எடை வேறுபட்டால் கருவி அதிரும். அதிர்வுதான் பெரும்பாலும் நட்டைத் தளர்த்துகிறது.

குடத்தை அச்சோடு பற்றவைத்துவிடும் மிஸ்திரிகளும் உளர். (வடக்கின் மிஸ்திரியும் நம் மேஸ்திரியும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த ஒரே சொல்லின் இரு வடிவங்கள்.) அந்தப் பருவம் கடந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் பற்றவைப்பின் சூடு அச்சின் உறுதியைக் குலைக்கும். பின்னர் எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் வளையத்தை மாற்ற நேர்ந்தால் குடத்தை அறுத்தே எடுக்க வேண்டியிருக்கும்.

பயிற்சி

1. குடம், அச்சு, கடையாணி, ஆரக்கால் ஆகியவற்றைக் குறிக்கும் மாட்டுவண்டிச் சக்கரப் படம் வரைக. வீட்டுப் பெரியவர்கள் வேறு பெயர் கூறினால் அதனையும் எழுதுக.

2. நட்டைப் பின்னோக்கித் தளர்த்தி நேர்படுத்தல் ஏன் கூடாது? இரண்டு தொடர்களில் விடை தருக.

3. "நாளை விதைப்பு, பற்றவைத்துக் கொடுங்கள்" என்று கேட்கும் உழவருக்கும் மறுக்கும் மிஸ்திரிக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதுக. உழவரின் அவசரத்திலும் நியாயம் தெரியட்டும்.