நீருக்கு இடம் விடும் நகரம்

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதென மணிமேகலை கூறுதலைத் தமிழ் பயிலும் மாணவர் அறிவர். மகனைக் காணாத துயரால் அரசன் இந்திரவிழாவை மறந்தனன். அதனாற் பட்டினம் அழிந்தது என்பது அக்காப்பியம் காட்டும் காரணம். விழா மறந்தமையாற் கடல் பொங்குமோ என இக்கால மாணவர் வினவுதல் கூடும். அதற்கு விடை எதுவாயினும், கடலோரத்தில் நகரமைத்து வாழ்வோர் ஆண்டுதோறும் தவறாது ஆற்றவேண்டிய கடமைகள் சில உள. அவற்றை மறந்த நகர் துன்புறும். இவ்வுண்மையை இக்கால நகரொன்றின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

உலக மக்களுள் நூற்றுக்கு 55 பேர் நகரங்களில் வாழ்கின்றனரென 2018ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை கணித்தது. 2050ஆம் ஆண்டளவில் அத்தொகை நூற்றுக்கு 68 ஆகுமென்றும், பெருகும் நகர மக்களுள் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கினர் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் இருப்பரென்றும் அச்சபை மதிப்பிட்டது. நகரப் பெருக்கம் என்றவுடன் தோக்கியோ, மும்பை முதலிய மாநகரங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், நகரவாசிகளுள் ஏறக்குறைய அரைப்பங்கினர் 5 இலட்சத்திற்குக் குறைந்த மக்களையுடைய ஊர்களிலேயே வாழ்கின்றனர். பொருளும் பொறியியலாளரும் தலைநகர்களிற் குவிய, பெருகிவரும் மக்களைத் தாங்கும் பொறுப்பு இச்சிறு நகரங்களின் மேல் விழுகின்றது.

ஆபிரிக்காவின் கீழ்க்கரையில் உள்ள மொசாம்பிக் நாட்டின் பெய்ரா இத்தகைய இரண்டாம் வரிசை நகராகும். 2017ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்போது அங்கு 5 இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். புங்குவே ஆறு கடலொடு கலக்கும் இடத்திற் போர்த்துக்கேயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனைத் துறைமுகமாக அமைத்தனர். உள்நாடாகிய சிம்பாப்வேயின் பண்டங்கள் புகைவண்டி மூலம் இத்துறையை அடையலாயின. துறைமுகத்திற்கு வாய்ப்பான அவ்விடம் குடியிருப்புக்கு வாய்ப்பானதன்று, பெரும்பகுதி சதுப்புநிலம். 1975இல் நாடு விடுதலை பெற்றது. 1977 முதல் 1992 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் அஞ்சி ஓடிய மக்கள் பலர் நகரங்களைச் சேர்ந்தனர். மேட்டுநிலம் கிடையாத ஏழைகள் முன்ஹாவா போன்ற தாழ்நிலங்களிற் குடியேறினர்.

இந்நகரின் இடர் எவ்வாறு உண்டாகின்றது என்பதை மாணவர் நன்கு உணர்தல் வேண்டும். பெய்ராவின் வற்றுப்பெருக்கு வேறுபாடு 6 மீற்றருக்கும் மேற்படுவதுண்டு. பெருக்கின்போது கடல்மட்டம் நகரின் சில பகுதிகளிலும் உயர்ந்து நிற்கும். அவ்வேளையிற் பெருமழை பெய்யின் மழைநீர் கடலுக்குச் செல்ல வழியின்றித் தெருக்களிலே தேங்கும். ஆகவே வாய்க்கால் வெட்டுதல் மாத்திரம் போதாது. கதவில்லாத வாய்க்கால் வழியே கடல்தான் ஊருக்குள் வரும். பெருக்கின்போது கதவடைத்துக் கடலைத் தடுத்து, மழைநீரை ஓரிடத்தில் தாங்கி வைத்து, வற்றின்போது கதவு திறந்து விடுதலே தக்க வழி. அந்நீர் தங்குதற்கு ஒழிந்த நிலம் வேண்டும்.

அந்நகரில் இயற்கையே அளித்த நீர்வழி ஒன்றிருந்தது. அதுவே நகரின் நடுவே செல்லும் சிவேவே என்னும் சிற்றாறு. அது மணலாலும் குப்பையாலும் தூர்ந்து கிடந்தது. ஜேர்மனி அரசினதும் உலக வங்கியினதும் உதவியுடன் அது மீண்டும் தோண்டப்பட்டது; முகத்துவாரத்தருகே கதவமைக்கப்பட்டது; கரையிற் கண்டல் மரங்கள் நடப்பட்டன. வேறோரிடத்தில் 11 கிலோமீற்றர் வெள்ளவாய்க்கால் திருத்தப்பட்டு, 170,000 கன மீற்றர் நீர் கொள்ளும் தேக்கமும் அமைக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு தெரிவாகி 2021இல் இறக்கும்வரை மாநகர முதல்வராயிருந்த டாவிஸ் சிமாங்கோ இவ்வேலைகளை ஊக்கிய பெருமைக்குரியவர்.

2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14ஆம் நாளிரவு இடாய் என்னும் சூறாவளி பெய்ராவைத் தாக்கியது. மொசாம்பிக், சிம்பாப்வே, மலாவி ஆகிய மூன்று நாடுகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெய்ராவிற் பெரும்பாலான கட்டடங்கள் சேதமுற்றன. தகரக் கூரைகள் காற்றிற் பறந்தன. வெள்ளத்தின் பின் வாந்திபேதி பரவியது. எனினும், திருத்திய வாய்க்கால்களைச் சார்ந்த பகுதிகளில் மழைநீர் முன்னையினும் விரைவில் வடிந்தது. இதனின்று நாம் அறிவன இரண்டு. நீருக்கு இடம் விட்டமை நற்பயன் தந்தது. ஆனால் அதுவொன்றே போதுமானதன்று; கூரையை இறுகப் பிணித்தலும், பள்ளிக்கூடங்களையும் மருத்துவமனைகளையும் உறுதியாகக் கட்டுதலும் உடன் வேண்டும்.

சிறு நகரங்கள் இவ்விடயத்தில் மாநகரங்களினும் நற்பேறுடையன என்பது நம் கருத்து. மாநகரில் ஒரு தேக்கம் அமைக்க நூற்றுக்கணக்கான வீடுகளை அகற்றல் வேண்டும். வளருஞ் சிறு நகரிலோ தாழ்நிலங்கள் பல இன்னும் வெறுமையாகவே உள. அவற்றை இன்று ஒதுக்குதற்கு ஒரு வரைபடமும் சபையின் ஒரு தீர்மானமும் போதும். நாளைக்குப் பெரும்பொருள் வேண்டும். வெறுநிலம் பயனற்ற நிலமெனக் கருதி மண்கொட்டி நிரப்புவோர், அங்கு தங்கவேண்டிய நீரை அயலான் வீட்டிற்கு அனுப்புகின்றனர்.

வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கும் இப்பாடம் உரியது. ஆரியகுளம், புல்லுக்குளம் முதலியவற்றை நம் முன்னோர் அழகுக்காக மாத்திரம் வைத்தாரல்லர். மாரிமழையைக் குளந்தாங்க, அது சுண்ணக்கற் பாறையூடே இறங்கிக் கிணறுகளில் நன்னீராக நிற்கின்றது. நன்னீர் குறையின் உவர்நீர் ஏறும். பெய்ராவிற் குளந்தூர்ந்தால் வெள்ளம் மாத்திரமே வரும். நமக்கோ மாரியில் வெள்ளமும் கோடையிற் குடிநீர்க் குறைவும் ஒருங்கே வரும். 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா சூறாவளியின்போது குடாநாடு வெள்ளத்துள் ஆழ்ந்ததைக் கண்டோர் பலர் நம்மிடை உளர்.

ஆதலின் மாணவர்க்கு ஒரு பயிற்சி தருகின்றோம். வரும் மாரியில், தத்தம் ஒழுங்கையில் விழும் மழைநீர் எவ்வழிச் சென்று எங்கு தங்குகின்றதெனப் பார்த்துப் படம் வரைக. தூர்ந்த குளங்களின் பெயரையும் எல்லையையும் ஊர் முதியோரிடம் கேட்டு அப்படத்திற் குறிக்க. பழைய மாணவருள் நில அளவையாளரும் பொறியியலாளரும் சபை உறுப்பினரும் உளர். அவர்கள் பழைய நிலப்படங்களைத் தேடித் தந்து, மாணவர் வரைந்தவற்றைத் திருத்தி, உரிய சபைகளின் முன் வைப்பாராக. யூபிலி ஆண்டில் நம் கல்லூரிக்கும் ஊருக்கும் செய்யத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்றாகும்.