நூலகத்துக்குள் ஒரு கடல்

1985ஆம் ஆண்டு அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில், ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில், டைட்டானிக் கப்பலின் சிதைவுகள் கண்டறியப்பட்டன. அப்பணியில் முன்னின்ற அமெரிக்கக் கடலாய்வாளர் இராபர்ட் பல்லார்டுக்குப் பள்ளிச் சிறுவர்களிடமிருந்து ஆயிரக்கணக்கான மடல்கள் வந்து குவிந்தன. அடுத்த பயணத்தில் தாங்களும் உடன்வரலாமா என்று அவர்கள் கேட்டிருந்தனர். அத்தனை பேரையும் கப்பலில் ஏற்ற இயலாது. ஆனால், கடலடியில் காண்பதை அவர்களிடம் கொண்டு சேர்க்கலாம். இந்த எண்ணத்திலிருந்து 1989இல் 'ஜேசன் திட்டம்' பிறந்தது. மத்தியதரைக் கடலின் ஆழத்துக் காட்சிகள், செயற்கைக்கோள் வழியாக, அமெரிக்க அருங்காட்சியகங்களில் கூடியிருந்த மாணவர்களுக்கு நேரலையாகக் காட்டப்பட்டன.

அன்று அருங்காட்சியகமும் பெருஞ்செலவும் வேண்டியிருந்த இம்முயற்சிக்கு, இன்று ஒரு திரையும் ஒலிவாங்கியும் இணைய இணைப்பும் போதும். ஆகவே, அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் இப்பணி நூலகரின் கைக்கு வந்துள்ளது. இது தற்செயலன்று. நூல்களையும் ஒலி, ஒளிக் கருவிகளையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர வேண்டும் என்று 1969ஆம் ஆண்டிலேயே அந்நாட்டின் பள்ளி நூலகத் தரவரையறைகள் வலியுறுத்தின. மேலும், வகுப்பாசிரியர் ஓராண்டு மட்டுமே ஒரு குழந்தையை அறிவார். நூலகரோ அக்குழந்தை பள்ளியில் பயிலும் ஆண்டுகள் முழுவதும் அதனை அறிந்திருப்பார்.

வினாக்களே முதற்பாடம்

திரையை இயக்குவது எளிது. அதன் முன் அமரும் எட்டு வயதுக் குழந்தையை ஆயத்தப்படுத்துவதே கடினம். ஆழ்கடல் ஆய்வாளர் ஒருவரிடம் பேச அரைமணி நேரம் கிடைத்தால், "திமிங்கிலம் எவ்வளவு பெரியது?" என்று கேட்டு அதனை வீணாக்குவதா? அதற்கான விடை அலமாரியிலேயே இருக்கிறது. எனவே, தேர்ந்த நூலகர் குழந்தைகள் எழுதிய வினாக்களை முதலில் நூல்களிடம் அனுப்புகிறார். நூலில் விடை கிடைத்த வினாக்கள் விலக்கப்படுகின்றன. "வெளிச்சமே இல்லாத இடத்தில் வாழும் மீனுக்குக் கண் எதற்கு?" போன்ற வினாக்கள் எஞ்சுகின்றன. நேரலை நடைபெறும் முன்பே கற்றலின் பெரும்பகுதி நிகழ்ந்துவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பன்னாட்டு விண்வெளி நிலையத்துடன் பேசும்போது இந்த ஆயத்தம் இன்னும் இன்றியமையாததாகிறது. அந்நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் புவியைச் சுற்றுகிறது. தரையிலுள்ள ஓர் இடத்திலிருந்து பார்த்தால், அது ஒரு தொடுவானில் எழுந்து மறு தொடுவானில் மறைய ஏறத்தாழப் பத்து நிமிடமே ஆகும். தன்னார்வ வானொலியாளர்களின் துணையுடன் நடைபெறும் பள்ளி உரையாடல்கள் இந்தப் பத்து நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும். 2000ஆம் ஆண்டு டிசம்பரில், நிலையத்தின் முதல் குழுத்தலைவரான வில்லியம் ஷெப்பர்டு சிகாகோ பகுதிப் பள்ளி மாணவர்களுடன் பேசியதிலிருந்து இவ்வழக்கம் தொடர்கிறது. குழந்தைகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு வினாவைக் கேட்கின்றனர். கேட்டு முடித்ததும் 'ஓவர்' என்கின்றனர். ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும் என்பதால், அச்சொல்லைக் கேட்ட பிறகே மறுமுனை பேசத் தொடங்கும். தன் முறைக்காகக் காத்திருக்கும் பழக்கத்தை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் வகுப்பறை அரிது.

எல்லா நேரலைக்கும் அறிஞர்கள் தேவையில்லை. தொலைவிலுள்ள இரு வகுப்புகள், தாம் இருக்கும் ஊரைச் சொல்லாமல், ஆம் அல்லது இல்லை என்னும் விடைகளைக் கொண்டே ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் விளையாட்டும் உண்டு. அமெரிக்காவில் 50 மாநிலங்கள் உள்ளன. வினா ஒவ்வொன்றும் எஞ்சியவற்றைப் பாதியாகக் குறைக்குமாறு அமைந்தால், ஆறே வினாக்களில் மாநிலம் அகப்பட்டுவிடும். நிலப்படத்தின்மேல் குனிந்து, "மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருக்கிறீர்களா?" என்று கேட்கும் சிறுமி, புவியியலுடன் கணக்கையும் கற்றுக்கொள்கிறாள்.

இடர்களும் இப்பணியில் உண்டு. குளிர்காலத்தில் பாஸ்டனில் காலை 9 மணி என்றால் ஹவாயில் விடியற்காலை 4 மணி. கப்பலில் இரவும் பகலும் பணி நடப்பதால் அங்கு ஒருவர் விழித்திருப்பார். பள்ளியுடன் பேசும் ஆசிரியர் விழித்திருக்க வேண்டுமே! இணைப்பு அறுந்துபோனால் படிப்பதற்கென்று ஒரு கதைநூலையும் நூலகர் கையோடு வைத்திருக்க வேண்டும். குழந்தைகளின் முழுப்பெயர் திரையில் தெரியாமல் காப்பதும் அவர் கடமையே. இவற்றைக் காட்டிலும் பெரிய இடர் வேறொன்று: செலவைக் குறைக்க முற்படும் பல கல்வி மாவட்டங்கள் முதலில் நீக்குவது நூலகர் பணியிடத்தைத்தான். கருவிகள் பள்ளியிலேயே இருக்கும். ஆனால், வினாவை அலமாரிக்கும் அங்கிருந்து அறிஞருக்கும் கொண்டுசெல்ல ஒருவர் இருக்க மாட்டார்.

சில வேளைகளில் ஆய்வாளர், "அது இன்னும் எவருக்கும் தெரியாது" என்று விடையளிப்பதுண்டு. அந்த வினாவை ஓர் அட்டையில் எழுதி, தொடர்புடைய நூல்கள் அடுக்கப்பட்ட தட்டின்மேல் ஒட்டிவைக்கலாம். அடுத்த வாரம் நூல் எடுக்க வரும் குழந்தைகளின் கண்களில் அது படும்.