கடற்சிப்பியின் தற்காப்பும் சர்க்கரையைப் பற்றும் புரதங்களும்

கடலோரப் பாறைகளில் வலிய நார்களால் தம்மைப் பிணைத்துக்கொண்டு கூட்டங்கூட்டமாக வாழும் இருவோட்டுச் சிப்பிகளைக் கேரளத்தில் கல்லும்மக்காய் என அழைப்பர். இவை கடல்நீரைச் செவுள்களின் வழியே செலுத்தி, அதில் மிதக்கும் நுண்ணிய பாசிகளை வடித்து உண்கின்றன. வளர்ந்த சிப்பியொன்று மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட நீரை வடிக்க வல்லது. உணவுடன் பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்களும் இடையறாது உட்புகுகின்றன. அங்ஙனமாயின், இவ்வுயிர் தன்னைக் காத்துக்கொள்வது எவ்வாறு?

முதுகெலும்புள்ள பிராணிகளின் இரத்தத்தில் நோய்க்கிருமிகளுக்கு எதிராக எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன. சிப்பிக்கோ எதிர்ப்பொருள் கிடையாது. அதன் பாதுகாப்பு பிறவியிலேயே அமைந்தது. கிருமிகளை விழுங்கும் குருதியணுக்கள் ஒருபுறமும், குருதியிலும் திசுக்களிலும் உள்ள இரசாயனப் பொருள்கள் மறுபுறமும் அதனைக் காக்கின்றன. இப்பொருள்களுள் முக்கியமானவை லெக்டின்கள்.

லெக்டின் என்பது யாது?

குறிப்பிட்ட சர்க்கரைகளை இனங்கண்டு பற்றும் புரதமே லெக்டின். ஆமணக்கு விதைச் சாறு இரத்தச் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதை 1888-ஆம் ஆண்டில் ஸ்டில்மார்க் என்பவர் கண்டறிந்தார். 1954-இல் பாய்ட் என்னும் அறிஞர், 'தேர்ந்தெடுத்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து 'லெக்டின்' என்ற பெயரை அமைத்தார். பின்னர் விலங்குகளிலும் இத்தகைய புரதங்கள் பல காணப்பட்டன.

செயற்படும் விதம்

உயிரணுக்களின் மேற்பரப்பில் சர்க்கரைத் தொடர்கள் அமைந்துள்ளன. பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள தொடர்கள் சிப்பியின் திசுக்களில் உள்ளவற்றினின்றும் வேறுபட்டவை. இவ்வேற்றுமையே லெக்டினுக்கு அடையாளமாகிறது. ஒரே லெக்டினில் சர்க்கரையைப் பற்றும் இடங்கள் பல இருப்பின், அது ஓரிடத்தால் ஒரு கிருமியையும் மற்றோரிடத்தால் அடுத்த கிருமியையும் பற்றிப் பாலம்போல் நிற்கும். கிருமிகள் திரளாகி இயக்கம் குன்றும். குருதியணுக்கள் அவற்றை விழுங்குவதும் எளிதாகும்.

மத்தியதரைக்கடற் சிப்பியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட 'மைட்டிலெக்' என்னும் லெக்டினைப் பற்றி ஜப்பானிய விஞ்ஞானிகள் 2012-இல் விவரம் வெளியிட்டனர். இது காலக்டோஸ் என்னும் சர்க்கரையைப் பற்றுவது. பற்றும் இடங்கள் மூன்று கொண்டது. ஜப்பான் கடலிலுள்ள வேறொரு சிப்பியிலும் இதனையொத்த லெக்டின் உண்டு. நுண்ணுயிர்கள் தாக்கும்போது சிப்பியின் உடலில் அதன் அளவு மிகுவதை ருஷ்ய ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

லெக்டினின் பணி தற்காப்புடன் முடிவதில்லை. செவுள்களைப் போர்த்தியுள்ள சளியிலும் அது உண்டு. மேற்பரப்புச் சர்க்கரையைக் கொண்டு, உண்ணத்தக்க துகளையும் தள்ளத்தக்க துகளையும் சிப்பி பிரித்தறிய அது துணைபுரிகிறது.

களப் பணியாளர் கவனத்திற்கு

1970-ஆம் ஆண்டுகளில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் விழிஞ்ஞத்தில் கயிறுகளில் சிப்பி வளர்க்கும் முறையைச் சோதித்தது. இன்று கேரளக் காயல்களில் பலருக்கு அது பிழைப்பாக உள்ளது. இவர்களுக்கு இரு செய்திகளை விளக்குதல் வேண்டும். முதலாவது, எதிர்ப்பொருள் இல்லாத சிப்பிக்குக் கால்நடைக்குப் போலத் தடுப்பூசி இட்டு நோய் தடுத்தல் இயலாது. தூய நீரும் ஏற்ற உப்புத்தன்மையும் நெருக்கமற்ற வளர்ப்புமே அதற்குக் காப்பு. இரண்டாவது, லெக்டின் சிப்பியைக் காப்பதேயன்றி உண்பவரைக் காப்பதன்று. சாக்கடை கலக்கும் நீரில் வளர்ந்த சிப்பி, தான் நலமாகத் தோன்றினும், மனிதருக்கு நோய்தரும் கிருமிகளைத் தாங்கியிருக்கலாம். ஆதலின் தூய நீரில் வைத்துச் சுத்திகரித்து, நன்கு வேகவைத்த பின்னரே அதனை உண்ணுதல் வேண்டும்.