கிடப்பில் போன டிசபிலிட்டி பென்ஷன்: இனி என்ன செய்யலாம்?

டிசபிலிட்டி பென்ஷன் கேட்டுப் பதிலே வராத முன்னாள் படைவீரர்கள் பலர், கலெக்டர் முதல் பிரதமர் வரை மனு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அதை நிறுத்துங்கள். முதலில் கைக்கு வரவேண்டியது, ஓய்வின்போது நடந்த மெடிக்கல் போர்டின் அறிக்கை. இல்லையென்றால் உங்கள் ரெக்கார்ட் ஆபீசுக்கு (மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெல்லிங்டன்) 10 ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் ஆர்டிஐ மனு போடுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். படையில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாளையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

அறிக்கையில் முதலில் சதவீதத்தைப் பாருங்கள். பணிக்காலம் முடித்து வந்தவருக்குக் குறைந்தது 20 வேண்டும். அடுத்தது, நோய்க்கும் பணிக்கும் தொடர்பு உண்டா என்ற கட்டம். பெரும்பாலும் இடிப்பது இங்கேதான். ரத்த அழுத்தம், 30 சதவீதம், ஆயுளுக்கும் என்று எழுதிவிட்டு, ‘அமைதிப் பகுதியில் இருந்தபோது வந்தது, பணிக்குச் சம்பந்தமில்லை’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். மேல்முறையீடு அந்த வரிக்குத்தான் பதில் சொல்லவேண்டும். குடும்பக் கஷ்டத்தை எழுதிப் பயனில்லை. எந்த ஆண்டு சியாச்சின், எந்த ஆண்டு தவாங், நோய் முதலில் பதிவான தேதி எது என்று வரிசையாக எழுதுங்கள். சேர்ந்தபோது அந்த நோய் குறிக்கப்படவில்லையா? அது பணியால் வந்ததாகவே கொள்ளவேண்டும் என்ற தரம்வீர் சிங் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை (2013) காட்டுங்கள். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு விதிகள் வேறு. அவர்கள் புதிய விதிகளைப் படித்துவிட்டு எழுதுவது நல்லது.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் அவகாசம். தாமதமாகிவிட்டால் காரணத்தைச் சொல்லி அனுப்புங்கள். அதிலும் தோற்றால் இரண்டாவது உண்டு. ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதமாகியும் பதில் இல்லையென்றால், ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 21-வது பிரிவு நேரே தீர்ப்பாயத்துக்குப் போக வழி விடுகிறது. சென்னையிலேயே அதன் கிளை இருக்கிறது. நீங்களே வாதாடலாம், ஆனாலும் வக்கீல் வைப்பதே என் யோசனை.

ராம் அவதார் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி (2014) 50-க்குக் கீழுள்ள சதவீதத்தை 50 ஆக்கும்படியும் தீர்ப்பாய மனுவிலேயே கேளுங்கள்.

பழைய கேஸ் என்று ஒதுங்கவேண்டாம். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்று தர்செம் சிங் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அதே தீர்ப்பு, நிலுவையை மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டோடு நிறுத்திவிட்டது. தள்ளிப்போட்டால் நிலுவை கரையும். ஆர்டிஐ மனுவை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.