ஒன்டாரியோவில் எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போகிறீர்களா?

தமிழ்நாட்டில் பல வருஷம் வயரிங் செய்தவர்களும் கனடாவில் முதல் சில மாதங்கள் இவற்றைக் கவனியுங்கள்.

1. கறுப்பு வயரில் உஷார். நம்மூரில் அது நியூட்ரல்; அங்கே கரன்ட் வருவதே அதில்தான். நியூட்ரலுக்கு வெள்ளை, எர்த்துக்குப் பச்சை அல்லது வெறும் செம்புக் கம்பி. சில சுவிட்ச் இணைப்புகளில் வெள்ளையிலும் கரன்ட் இருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பிரேக்கரை அணைத்து, பூட்டுப் போட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள். பழகிய கை யோசிக்காமல் நீளும். 120 வோல்ட்தானே என்ற அலட்சியமும் வேண்டாம், அதுவும் உயிரை எடுக்கும்.

2. வயரின் கேஜ் எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். எண் கூடினால் வயர் மெலியும்: சாதாரண வீட்டு வயரிங்கில் 15 ஆம்பியருக்கு 14, 20 ஆம்பியருக்கு 12.

3. அனுபவக் கடிதங்களை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். ‘ஸ்கில்ட் டிரேட்ஸ் ஒன்டாரியோ’ என்ற அமைப்பு அதை மதிப்பிட்ட பிறகுதான் உரிமத் தேர்வு எழுத விடும். பழைய முதலாளியை அங்கிருந்து தொடர்புகொண்டு கடிதம் வாங்குவது பெரும்பாடு.

4. பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். முதலாளி அதைப் பிடித்து வைப்பதும், வேலைக்காக ஏஜென்ட் உங்களிடம் பணம் வாங்குவதும் அங்கே சட்டவிரோதம்.

5. ஆபத்தான வேலை என்றால் மறுத்து, சூப்பர்வைசரிடம் உடனே சொல்லுங்கள். அந்த உரிமை புதிதாக வந்தவருக்கும் உண்டு.