அடிவாரத்து ஓடை எங்கே போகிறது?

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் மழை கொட்டித் தீர்க்கிறது. இங்கே ஓடை இரண்டே நாளில் வறண்டு மணலாகிவிடுகிறது. கருப்பூர்ப் பக்கமோ நிலமே வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. பாலைவனப் பள்ளத்தாக்குகளில் தண்ணீர் வற்றி உப்புப் பூக்குமாமே, அந்தக் கதைதானா?
- வாசகர் ஒருவர், அடிவாரம், சேலம்.

பதில்: பாதி சரி. ஓடை மறையும் விதம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. உருட்டிக்கொண்டு வரும் கல்லையும் மணலையும் வெள்ளம், சரிவு முடியும் இடத்தில் வேகம் தணிந்து போட்டுவிடுகிறது. ஓடைவழியே நடந்து பாருங்கள்: மலையை ஒட்டிக் குண்டுக்கல், சற்றுத் தள்ளிப் பருமணல், ஏரியை நெருங்க நெருங்க வண்டல். அந்தக் கல் இடுக்கில்தான் தண்ணீர் இறங்குகிறது. பிறகு பாறை வெடிப்புகளில் மெல்ல நகர்கிறது. ஓடை காய்ந்த பின்னும் கிணற்றில் ஊற்று நிற்பது அதனால்தான். ஓடையை மண்கொட்டி நிரவி மனை போட்டுவிட்டு, கிணறு வற்றியதற்கு மழையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஆனால் ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைத் தண்ணீருக்குப் போக்கிடம் உண்டு. திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரியில் சேர்கின்றன. மறுபுறம் இறங்கும் வாணியாறு தென்பெண்ணையில் சேர்கிறது. எப்படிப் போனாலும் வங்கக் கடல்தான்.

லடாக்கின் சோ கார் படுகைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 4,500 மீட்டருக்கும் மேலே, குளிர்ப் பாலையில், சுற்றிலும் மலை. பனியுருகிய நீர் உள்ளே வரும். வெளியேற வழி கிடையாது. வெயிலும் காற்றும் நீரைக் கொண்டுபோக, கரைந்து வந்த உப்பு மட்டும் தங்கிவிடும். சாங்பா மேய்ப்பர்கள் வெகுகாலம் அந்த உப்பை அள்ளியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், தெற்கே ஒட்டினாற்போல் இருக்கும் ஸ்டார்ட்சாபுக் சோ நன்னீர் ஏரி. அதன் நீர் வழிந்து சோ காருக்குப் போய்விடுவதால் அங்கே உப்புச் சேர இடமில்லை. சோ காரைச் சுற்றியுள்ள சரிவுகளில் மேலே பழைய கரைக்கோடுகள் இன்னும் தெரிகின்றன. ஒரு காலத்தில் அது எவ்வளவு பெரிய ஏரி என்பதற்கு அவையே சாட்சி.

கருப்பூர் வெள்ளை உப்பல்ல, வெள்ளைக்கல், மேக்னசைட். மக்னீசியம் மிகுந்த பாறையின் வெடிப்புகளில் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து, நரம்பு நரம்பாக உறையவைத்தது. உப்பாக இருந்தால் ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்குமா? இதைச் சூளையில் சுட்டு, உருக்கு உலைகளுக்கான செங்கல் செய்கிறார்கள்.