ஒரு பகற்பொழுதுப் பயணம்

துறைமுகத்தில் இறங்கும் கப்பற்பயணி மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும். வழிகாட்டியின்றித் தாமே ஊரைக் காண விழைவோர்க்கு முன்திட்டமே துணை. காலையில் தொடர்வண்டியில் வந்து மாலையில் திரும்புவோர்க்கும் இது பொருந்தும்.

திருவில்லிபுத்தூரையும் அதற்கு ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவிலுள்ள இராசபாளையத்தையும் ஒரே பகலில் காண்பதாகக் கொள்வோம். எதை முதலில் காண்பது? நண்பகலில் கோவில் நடை சாத்தப்படும். ஆதலால் திருவில்லிபுத்தூரிலேயே தொடங்க வேண்டும். பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய அவ்வூரில் பதினொரு நிலைக் கோபுரம் வானளாவி நிற்கிறது. பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய அவ்வூர்ப் பால்கோவா, 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

பிற்பகலில் பேருந்தேறினால் நூற்பாலைகள் நிறைந்த இராசபாளையத்தை அடையலாம். சென்னை மாகாண முதலமைச்சராக விளங்கிய (1949-1952) பூ.ச. குமாரசுவாமி ராஜா கலைவளர்ச்சிக்கென அளித்த தம் இல்லமே இங்குள்ள காந்தி கலைமன்றம்.

மேற்கே மலைத்தொடர் கண்ணை ஈர்க்கும். 1988இல் அமைந்த சாம்பல்நிற அணில் சரணாலயம் அங்கேதான் உள்ளது. எனினும், காட்டைக் காணத் தனியொரு நாள் வேண்டும். இன்று எதை விடுவது என அறிதலும் பயணக்கலையே.

சிந்திக்க: ஒரு பகல் மட்டுமே தங்கும் விருந்தினருக்கு உம் ஊரில் எவற்றைக் காட்டுவீர்? எவற்றை விடுவீர்? ஏன்?